ஸ்டாக்ஹோமில் ஒரு வார இறுதி: இங்கிலாந்திலிருந்து இந்திய பாஸ்போர்ட்டோடு கிளம்புகிறவர்களுக்கு

கல்லூரியில் நான்கு வருடம் ஒரே அறையில் இருந்த தோழி இப்போது ஸ்டாக்ஹோமில் வேலை பார்க்கிறாள். நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். லண்டனிலிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரம்தான். "ஒரு சனி ஞாயிறு வந்துட்டுப் போயேன்" என்று அவள் கூப்பிட்டது பிப்ரவரியில். நான் அவள் வீட்டு வாசலில் போய் நின்றது மே கடைசியில். நடுவில் ஒரு விமான டிக்கெட் வீணாகி, விசா மையத்துக்கு இரண்டு முறை அலைந்து, காகிதம் காகிதமாகச் சேர்த்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

இது இங்கிலாந்தில் வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருக்கும் இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கான வழிகாட்டி. ஸ்வீடன் உட்பட, ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்தான் ஷெங்கன். நீங்கள் ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற ஷெங்கன் நாடு ஒன்றில் குடியிருப்பு அட்டையோடு இருந்தால் விசா வேலை எதுவும் கிடையாது. பாஸ்போர்ட்டையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு நேராக 8-ஆம் படிக்குப் போய்விடுங்கள்.

1. தேதியை முடிவு செய்துவிட்டுப் பத்து வாரம் பின்னால் எண்ணுங்கள்

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு பயணத்துக்கு 15 நாள் முன்பு. முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள் அவகாசம் உண்டு, கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் 45 நாள் வரை போகும். இது விதி. நடைமுறையில் நேரத்தைத் தின்பது இதற்கு முந்தைய கட்டம்தான், அதாவது அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது. நான் பார்த்த அன்று அடுத்த மூன்று வாரத்துக்கு ஓர் இடமும் காலி இல்லை. கோடை நெருங்க நெருங்க இன்னும் மோசமாகும்.

அதனால் கணக்கை இப்படிப் போடுங்கள்: காகிதம் சேர்க்க இரண்டு வாரம், அப்பாயின்ட்மென்டுக்கு மூன்று நான்கு வாரம், முடிவுக்கு மூன்று வாரம், கையில் ஒரு வாரம். மொத்தம் பத்து வாரம்.

தேதியைத் தேர்ந்தெடுக்கும்போது வெளிச்சத்தையும் பாருங்கள். டிசம்பர் நடுவில் ஸ்டாக்ஹோமில் சூரியன் காலை எட்டே முக்காலுக்கு உதித்து, மதியம் மூன்று மணிக்கு முன்பே மறைந்துவிடும். இரண்டு நாள் பயணத்தில் அது பெரிய இழப்பு. ஜூனிலோ இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். ஆனால் ஜூன் 19-க்கும் 25-க்கும் இடையில் வரும் வெள்ளிக்கிழமையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது 'மிட்சம்மர்' பண்டிகைக்கு முந்தின நாள். ஊரே நாட்டுப்புறத்துக்குக் கிளம்பிவிடும், கடைகளும் உணவகங்களும் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். என்னைக் கேட்டால் மே கடைசி வாரங்களும் செப்டம்பர் முதல் பாதியும்தான் நல்ல காலம்.

2. முதலில் தோழியின் காகிதங்கள், அப்புறம்தான் உங்களுடையவை

நான் சறுக்கிய இடம் இது. ஹோட்டலில் தங்கினால் ஹோட்டல் முன்பதிவு போதும். நண்பர் வீட்டில் தங்கினால் அவர் தரப்பிலிருந்து ஆவணங்கள் வேண்டும். தோழி அன்பாக ஒரு மின்னஞ்சல் எழுதி, அதன் கீழே முகவரியையும் போட்டு அனுப்பினாள். அதை அச்செடுத்துக்கொண்டு மையத்துக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண், "அழைப்புப் படிவம் எங்கே?" என்று கேட்டார். என்னிடம் இல்லை. அது இல்லாமலும் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ள முடியும், ஆனால் நிராகரிக்கப்படலாம் என்றார். யோசித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

தோழி அனுப்ப வேண்டியவை இவை:

ஸ்வீடனின் குடிவரவுத் துறையான மிக்ரேஷன்ஸ்வெர்கெட் வெளியிடும் அழைப்புப் படிவம். அவர்கள் இணையதளத்திலேயே இருக்கிறது. யார், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன உறவு, எங்கே தங்குவார், செலவு யாருடையது என்பதையெல்லாம் அழைப்பவர் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். இந்தத் தேதிகளும் உங்கள் விண்ணப்பத்தில் இருக்கும் தேதிகளும் ஒன்றாக இருக்கட்டும்.

வரித்துறையான ஸ்கட்டெவெர்கெட் தரும் 'பெர்சூன்பெவிஸ்'. அழைப்பவர் அந்த முகவரியில் பதிவாகி இருக்கிறார் என்பதற்கான சான்று அது. ஸ்வீடனின் இணைய அடையாளமான பேங்க்ஐடி வைத்திருப்பவர் இணையத்தில் நுழைந்து சில நிமிடங்களில் பிடிஎஃப் ஆக எடுத்துவிடலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்வீடனில் குறைந்தது ஒரு வருடம் தங்கும் திட்டம் உள்ளவர்களைத்தான் அங்கே மக்கள் பதிவேட்டில் சேர்ப்பார்கள். உங்கள் நண்பர் ஆறு மாதப் பரிமாற்ற மாணவராக வந்தவர் என்றால் இந்தச் சான்று அவரிடம் இருக்காது. அப்படியானால் ஹோட்டலோ ஹாஸ்டலோ போட்டு, நண்பரை வெளியில் சந்திப்பதாக விண்ணப்பிப்பதே குழப்பமில்லாத வழி.

கூடவே அவருடைய பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை இரண்டின் நகல். உங்கள் செலவை அவர் ஏற்பதாக எழுதினால் அவருடைய சம்பளச் சீட்டுகளும் வேண்டும். முடிந்தவரை செலவை நீங்களே ஏற்பதாகக் காட்டுங்கள். நண்பர் தேட வேண்டிய காகிதம் பாதியாகக் குறையும்.

3. உங்கள் காகிதங்கள்

பாஸ்போர்ட் கடந்த பத்து வருடத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். புகைப்படம் 35க்கு 45 மில்லிமீட்டர், ஆறு மாதத்துக்குள் எடுத்தது.

இங்கிலாந்தில் நீங்கள் சட்டப்படி இருக்கிறீர்கள் என்பதற்கான சான்று. பழைய பிளாஸ்டிக் அட்டைகளின் காலம் 2024 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது, இப்போது எல்லாமே இணையக் கணக்கில் இருக்கும் இ-விசா. மையத்தில் போய் ஃபோனைத் திறந்து காட்டினால் வேலைக்கு ஆகாது. உங்கள் இ-விசா பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்து, உங்கள் அனுமதியைப் பிறர் இணையத்தில் சரிபார்க்க உதவும் 'ஷேர் கோடு' எடுத்து அதையும் சேர்த்து வையுங்கள். பயணம் முடிந்து குறைந்தது மூன்று மாதமாவது இங்கிலாந்து அனுமதி பாக்கி இருக்க வேண்டும். இன்னொன்று: சமீபத்தில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் புதிய எண்ணை இ-விசா கணக்கில் சேர்த்துவிட்டீர்களா என்று இப்போதே பாருங்கள். சேர்க்காமல் விட்டால் திரும்பி வரும்போது ஸ்டாக்ஹோமின் ஆர்லாண்டா விமான நிலையத்தில் விமானம் ஏறும் இடத்திலேயே சிக்கல் வரும்.

வேலையில் இருப்பவர் என்றால் அலுவலகக் கடிதம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட். மாணவர் என்றால் பல்கலைக்கழகக் கடிதம். அலுவலகக் கடிதத்தில் எந்த நாட்களுக்கு விடுப்பு, எப்போது வேலைக்குத் திரும்புகிறார் என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். என் முதல் கடிதத்தில் அது இல்லை, இன்னொரு முறை எழுதி வாங்கினேன்.

பணம் எவ்வளவு காட்ட வேண்டும்? ஸ்வீடன் ஒரு நாளைக்கு 450 குரோனர் என்று கணக்கு வைத்திருக்கிறது. மூன்று நாளுக்கு அது பெரிய தொகை இல்லை. ஆனால் விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் யாரிடமாவது கடன் வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டாதீர்கள். திடீரென்று உள்ளே வந்த தொகைதான் முதலில் கண்ணில் படும்.

பயண மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல், ஷெங்கன் பகுதி முழுவதற்கும். ஒரு வார இறுதிக்குச் சில பவுண்டுகளில் கிடைக்கும். இங்கிலாந்தின் பொது மருத்துவ அட்டை கையில் இருந்தாலும் விசாவுக்கு இது தனியாக வேண்டும்.

4. அப்பாயின்ட்மென்டும் கட்டணமும்

விசாக் கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு 45, ஆறு வயதுக்குக் கீழ் இலவசம். பவுண்டில்தான் வாங்குவார்கள். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. எனக்கு எல்லாம் சேர்த்து நூறு பவுண்டைத் தாண்டியது. லண்டன் போய்வந்த ரயில் செலவு அதில் சேராது. நிராகரித்தாலும் இந்தப் பணம் திரும்ப வராது.

மையத்தில் நகல் எடுக்க, குறுஞ்செய்தி அனுப்ப, பாஸ்போர்ட்டைக் கூரியரில் அனுப்ப என்று ஒவ்வொன்றுக்கும் விலை வைத்திருப்பார்கள். கூரியர் மட்டும் பயன்படும், மற்றதெல்லாம் தேவையில்லை. நகல்களை வீட்டிலேயே எடுத்து, படிவத்தில் கேட்டிருக்கும் வரிசையிலேயே அடுக்கிக் கொண்டுபோங்கள். இரண்டாவது முறை நான் அப்படிப் போனேன், இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது.

விரல் ரேகை கொடுத்தால் 59 மாதம் வரை அதையே பயன்படுத்துவார்கள். நான்கைந்து வருடத்துக்குள் ஷெங்கன் விசா வாங்கியவர் என்றால் பாஸ்போர்ட்டில் ஒட்டிய பழைய விசா ஸ்டிக்கரின் நகலையும் வையுங்கள்.

இரண்டு பொறிகள். ஒன்று, "உடனே ஸ்லாட் வாங்கித் தருகிறோம், இவ்வளவு கொடுங்கள்" என்று சமூக ஊடகத்தில் வரும் ஆட்கள். அப்பாயின்ட்மென்டுக்கென்று தனி விலை கிடையாது. காலையில் சீக்கிரமும் நள்ளிரவை ஒட்டியும் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே இருங்கள், யாராவது ரத்து செய்த இடம் வரும். எனக்கு அப்படித்தான் கிடைத்தது. இரண்டாவது, ஸ்வீடனுக்கு இடம் இல்லை, வேறு நாட்டுக்கு இருக்கிறது என்று அங்கே விண்ணப்பிப்பது. அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. வேறு நாட்டு விசாவோடு நேராக ஸ்டாக்ஹோமில் இறங்கினால் எல்லையில் கேள்வி வரும்.

5. டிக்கெட் வாங்கும் நேரம்

விசா வருவதற்கு முன்பு பணம் திரும்பாத டிக்கெட் வாங்க வேண்டாம். "இன்றைக்கு விலை குறைவாக இருக்கிறதே" என்று வாங்கி நான் இழந்தது 64 பவுண்டு. விண்ணப்பத்துக்குப் பயணத் திட்டமோ, ரத்து செய்யக்கூடிய முன்பதிவோ போதும்.

பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் ஸ்டிக்கரில் நான்கு இடத்தைப் படியுங்கள்: பெயர், செல்லுபடியாகும் தேதிகள், எத்தனை முறை நுழையலாம், எத்தனை நாள் தங்கலாம். தேதி நீளமாகவும் நாட்கள் குறைவாகவும் இருப்பது சகஜம். நாட்களின் எண்ணிக்கைதான் உங்கள் எல்லை. இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் இரண்டுமே கணக்கில் சேரும்.

டிக்கெட் வாங்கும்போது விமான நிலையத்தின் பெயரைக் கவனியுங்கள். ஸ்டாக்ஹோம் என்ற பெயரோடு விற்கும் நிலையங்களில் ஆர்லாண்டாதான் உங்களுக்கு வேண்டியது. ஊரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். ஸ்காவ்ஸ்டா, வெஸ்தெரோஸ் இரண்டும் ஊரிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. டிக்கெட்டில் மிச்சமான பணம் பேருந்திலேயே போய்விடும், வார இறுதியில் மூன்று மணி நேரமும் சேர்ந்து போகும். வெள்ளி மாலை போய் ஞாயிறு இரவு திரும்புவது என்றால் வெள்ளி அரை நாள் விடுப்பு போடுங்கள். ஸ்வீடன் இங்கிலாந்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது.

6. பையில் எதை வைப்பது

தோழிக்கு என்ன கொண்டுபோகலாம் என்று கேட்டால், நம் ஆட்கள் முதலில் சொல்வது கறிவேப்பிலையும் நெய்யும்தான். இரண்டுமே கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகும் பயணி இறைச்சி, பால் பொருட்கள் எதையும் கொண்டுபோக அனுமதி இல்லை, இங்கிலாந்தும் இப்போது வெளியில்தான். பச்சைக் காய்கறி, பழம், கறிவேப்பிலை போன்றவற்றுக்குத் தாவர நலச் சான்று வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஐந்துக்கு மட்டும் விலக்கு. நான் எண்ணெயில் சுட்ட முறுக்கும், பருப்புப் பொடியும், அரைக் கிலோ அப்பளமும் கொண்டுபோனேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

பிளக் வேறு. அங்கே வட்டமான இரண்டு ஊசி. இந்தியாவிலிருந்து கொண்டுவந்த இரட்டை ஊசி ஃபோன் சார்ஜர் பெட்டியில் கிடந்தால் அதுவே அங்கே நேராகப் பொருந்தும். உங்கள் சிம்மில் ஐரோப்பிய ரோமிங் இலவசமா, நாளைக்கு இவ்வளவு என்று பிடிப்பார்களா என்பதைக் கிளம்பும் முன் பாருங்கள். மே மாதத்திலும் ஒரு காற்றுத் தடுப்பு மேலங்கி வேண்டும், படகில் ஏறினால் குளிரும்.

மலிவு விமானங்களில் இலவசப் பை இருக்கைக்கு அடியில் நுழைய வேண்டும். அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், சில சென்டிமீட்டர் கூடினாலும் வாயிலில் வாங்கும் தொகை டிக்கெட்டுக்குச் சமம்.

7. இரண்டு விமான நிலையங்கள்

புறப்படும் இடத்தில்: இணையத்தில் செக்-இன் செய்துவிட்டோம் என்று நேராகப் பாதுகாப்புச் சோதனைக்குப் போய்விடாதீர்கள். சில நிறுவனங்களில் ஐரோப்பியர் அல்லாதவர்கள் கவுன்ட்டரில் பாஸ்போர்ட்டையும் விசாவையும் காட்டிச் சரிபார்க்க வேண்டும். போர்டிங் பாஸில் அதற்கான குறிப்பு இருக்கும். அதைச் செய்யாமல் வாயில் வரை போனவர் ஒருவரைத் திருப்பி அனுப்பியதை என் கண்ணால் பார்த்தேன்.

ஆர்லாண்டாவில்: 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் புதிய நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை படிப்படியாக வந்திருக்கிறது. முத்திரைக்குப் பதிலாக முகப் படமும் விவரங்களும் கணினியில் ஏறும். முதல் முறை கொஞ்சம் நேரம் பிடிக்கும். எதற்கு வந்தீர்கள், எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள் என்று கேட்பார்கள். அழைப்புப் படிவத்தின் நகல், திரும்பும் டிக்கெட், காப்பீடு மூன்றையும் கைப்பையில் வையுங்கள். தோழியின் முகவரியைக் காகிதத்திலும் எழுதி வையுங்கள்.

8. ஆர்லாண்டாவிலிருந்து ஊருக்குள்

நான்கு வழிகள் உண்டு, விலையில் வித்தியாசம் பெரிது.

ஆர்லாண்டா எக்ஸ்பிரஸ் 18 நிமிடத்தில் ஊர் நடுவே கொண்டுபோய் விடும். ஒரு வழிக்கு 300 குரோனருக்கு மேல். முன்பே வாங்கினாலும், இருவராகச் சேர்ந்து போனாலும் குறையும்.

'பெண்டெல்டோக்' எனும் புறநகர் ரயில் சுமார் 40 நிமிடம். நகரப் போக்குவரத்தான எஸ்எல் டிக்கெட்டோடு, விமான நிலையத்துக்கென்று சுமார் 150 குரோனர் கூடுதல் கட்டணம் உண்டு.

விமான நிலையப் பேருந்து முக்கால் மணி நேரம், விலையில் இதற்குப் பக்கத்தில்தான்.

கடைசியாக, எல்லாவற்றிலும் மலிவானது: 583-ஆம் எண் பேருந்தில் மேர்ஷ்டா ஊருக்குப் போய், அங்கிருந்து பெண்டெல்டோக். மொத்தமும் சாதாரண எஸ்எல் டிக்கெட்டில் அடங்கும், கூடுதல் கட்டணம் கிடையாது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். போகும்போது ரயில், திரும்பும்போது அவசரம் இல்லையென்றால் இது என்று நான் வைத்துக்கொண்டேன்.

எஸ்எல் ஒற்றை டிக்கெட் 40 குரோனருக்குச் சற்று மேல், 75 நிமிடத்துக்குள் எத்தனை வண்டி வேண்டுமானாலும் மாறலாம். வங்கி அட்டையை நேராகக் கதவில் தட்டியே போகலாம். ஆனால் வார இறுதிக்கு 72 மணி நேர டிக்கெட்தான் லாபம், சுமார் 360 குரோனர். மெட்ரோ, பேருந்து, டிராம், புறநகர் ரயில், யூர்கோர்டன் தீவுக்குப் போகும் படகு எல்லாம் அதில் அடங்கும். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 1,500 குரோனர்.

இங்கே பெயர்க் குழப்பம் ஒன்று இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். ஆர்லாண்டாவில் மூன்று ரயில் நிலையங்கள். ஆர்லாண்டா சென்ட்ரல் புறநகர் ரயிலுக்கு. வடக்கு, தெற்கு என்ற இரண்டும் எக்ஸ்பிரஸுக்கு மட்டும். ஊருக்குள் புறநகர் ரயில் நிற்கும் இடம் 'ஸ்டாக்ஹோம் சிட்டி', அதே இடத்தில் மெட்ரோவின் பெயர் 'டி-சென்ட்ரலென்', தொலைதூர ரயிலுக்கு 'ஸ்டாக்ஹோம் சென்ட்ரல்'. மூன்றும் பூமிக்கடியில் இணைந்தவை. ஆனால் என் தோழி இருக்கும் சூல்னா பகுதி வேறு கதை. 'சூல்னா' புறநகர் ரயில் நிலையமும் 'சூல்னா சென்ட்ரும்' மெட்ரோ நிலையமும் நடந்து போகும் அளவுக்குத் தள்ளித்தள்ளி இருக்கின்றன. என் தோழி வீடு இரண்டாவதன் பக்கத்தில், நான் இறங்கியது முதலாவதில். நண்பரிடம் நிலையத்தின் முழுப் பெயரையும், அது மெட்ரோவா புறநகர் ரயிலா என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

9. வீட்டு வாசல்

ஸ்டாக்ஹோமின் அடுக்குமாடிக் கட்டடங்கள் பலவற்றில் தெருக்கதவுக்கு 'பூர்ட்கோட்' என்ற எண் பூட்டு இருக்கும். நான்கு இலக்கம். அழைப்பு மணி இல்லாத கட்டடங்கள் உண்டு. பகலில் திறந்திருக்கும் கதவு இரவில் எண் போட்டால்தான் திறக்கும். நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றேகால், ஃபோனில் சார்ஜ் ஒரு சதவீதம். எண் வாட்ஸ்அப்பில் இருந்தது, வாட்ஸ்அப் திறப்பதற்குள் ஃபோன் அணைந்துவிட்டது. மூன்றாவது மாடியில் அவள் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிவது தெரிகிறது, கூப்பிட வழியில்லை. நாயை நடத்திக்கொண்டு வந்த ஒரு முதியவர் திறந்துவிடும் வரை இருபது நிமிடம் குளிரில் நின்றேன். எண்ணைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். எத்தனையாவது மாடி, கதவில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயர் என்ன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக் கதவில் வீட்டுக்காரர் பெயரே இருக்கலாம்.

உள்ளே செருப்பைக் கழற்றுவது நம் வீடு மாதிரியேதான். துணி துவைக்கும் அறை கட்டடத்துக்கே பொதுவானது, முறை பதிவு செய்துதான் பயன்படுத்துவார்கள். சனிக்கிழமை காலை உங்கள் நண்பருக்கு அந்த முறை இருந்தால் அவர் அதை விடமாட்டார், அடுத்தது கிடைக்கப் பல நாள் ஆகலாம். முன்பே கேட்டுவிட்டுத் திட்டம் போடுங்கள்.

10. பணம்

யூரோ செல்லாது, குரோனர்தான். பவுண்டுக்குச் சுமார் 12, 13 கிடைக்கும். ஆனால் நோட்டு மாற்றிக்கொண்டு போகாதீர்கள். பேருந்தில் பணம் வாங்குவதில்லை, அருங்காட்சியகங்களிலும் கடைகளிலும் 'ரொக்கம் இல்லை' என்ற பலகை சாதாரணம். வெளிநாட்டுக் கட்டணம் பிடிக்காத அட்டை ஒன்றும், அது வேலை செய்யாவிட்டால் இன்னொன்றும் போதும். இயந்திரம் பவுண்டிலா குரோனரிலா என்று கேட்டால் குரோனரையே அழுத்துங்கள். அங்கே எல்லோரும் ஃபோனில் பயன்படுத்தும் 'ஸ்விஷ்' செயலிக்கு ஸ்வீடன் வங்கிக் கணக்கு வேண்டும், நமக்குக் கிடைக்காது. சந்தையில் ஸ்விஷ் மட்டும் வாங்கும் கடைக்காரர்களிடம் நண்பரைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, கணக்கைக் கடைசியில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் வார நாள் மதியச் சாப்பாடுதான் மலிவு. 'டாகென்ஸ் லுன்ஷ்' என்பார்கள், சாலட், ரொட்டி, காபி எல்லாம் சேர்ந்தது. சனி ஞாயிறில் பெரும்பாலும் கிடைக்காது, உணவகத்தில் ஒரு வேளைக்கு 200 குரோனர் எளிதாகப் போகும். நாங்கள் காலையும் இரவும் வீட்டில் சமைத்தோம், மதியம் மட்டும் வெளியில். குழாய்த் தண்ணீர் அருமையானது, பாட்டில் வாங்கவே வேண்டாம். விமான டிக்கெட், விசா நீங்கலாக எனக்கு மூன்று நாளுக்கு ஆன செலவு 1,900 குரோனருக்குள்.

11. சனியும் ஞாயிறும்

இரண்டு நாளில் எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் தோழியோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. நாளுக்கு ஒரு பெரிய இடம் போதும் என்பது என் கருத்து.

சனிக்கிழமைக்கு வாசா அருங்காட்சியகம். முதல் பயணத்திலேயே 1628-இல் துறைமுகத்துக்குள் மூழ்கி, 1961-இல் மேலே எடுக்கப்பட்ட போர்க்கப்பல், ஏறக்குறைய முழுதாக உள்ளே நிற்கிறது. நீளம் 69 மீட்டர். கதவைத் திறந்து நுழைந்ததும் இருட்டில் அந்தக் கருத்த மரம் எழுந்து நிற்பதைப் பார்த்து எங்கள் இருவருக்குமே சற்று நேரம் பேச்சு வரவில்லை. டிக்கெட் பருவத்தைப் பொறுத்து 200 குரோனரை ஒட்டி, 18 வயது வரை இலவசம். காலையில் திறந்ததும் போய்விடுங்கள், பதினொரு மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும். கீழ்த்தளத்தில் தொடங்கி மேலே போகாமல், லிஃப்ட்டில் மேல் தளத்துக்குப் போய் இறங்கி வாருங்கள். முதல் ஒரு மணி நேரம் கூட்டம் எதிர்த்திசையில் இருக்கும். கப்பலின் பின்புறச் சிற்பங்களை மேலிருந்து பார்த்தால்தான் முகங்கள் தெரியும்.

போகும் வழி முக்கியம். ஸ்லுசென் படகுத்துறையிலிருந்து 82-ஆம் எண் படகில் யூர்கோர்டன் தீவுக்குப் பத்து நிமிடம். கையில் இருக்கும் எஸ்எல் டிக்கெட்டே போதும். படகிலிருந்து பழைய நகரமும் அரண்மனையும் தெரியும் காட்சிக்குத் தனிச் சுற்றுலாப் படகுகள் பல மடங்கு வாங்குகின்றன.

சாயங்காலம் பழைய நகரமான கம்லா ஸ்டான். வெஸ்டெர்லோங் தெரு நெடுகிலும் நினைவுப் பொருள் கடைகள்தான், சாப்பிட அங்கே உட்காராதீர்கள். அதன் தெற்கு முனையில் மோர்டென் ட்ரோட்சிக் சந்து இருக்கிறது. 36 படிகள், மிகக் குறுகிய இடத்தில் அகலம் 90 சென்டிமீட்டர். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அங்கிருந்து சூடர்மால்ம் பக்கம் ஏறி மொன்டேலியுஸ் பாதைக்குப் போங்கள். நகரமன்றமும் ஏரியும் கீழே விரிந்து கிடக்கும், கட்டணம் இல்லை. மே கடைசியில் சூரியன் மறைய ஒன்பதே முக்கால் ஆகிறது. நாங்கள் முறுக்கு டப்பாவோடு அங்கே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம், இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான். வெள்ளி, சனி இரவுகளில் மெட்ரோ விடிய விடிய ஓடும். திரும்புவதைப் பற்றிக் கவலை இல்லை.

ஞாயிறு காலை மெட்ரோ நிலையங்கள். நீல வழித்தடத்தில் சூல்னா சென்ட்ரும், ரோட்ஹூசெட், டி-சென்ட்ரலென், குங்ஸ்ட்ரேட்கோர்டன் நான்கும் ஒரே வண்டியில் வரும். இறங்கிப் பார்த்து அடுத்த வண்டியில் ஏறுங்கள். சூல்னா சென்ட்ருமில் குடைந்த பாறை முழுவதும் சிவப்பு வானம், அதற்குக் கீழே சுவர் நெடுகப் பச்சை ஊசியிலைக் காடு. ஞாயிறு எட்டு மணிக்கு நடைமேடையில் ஆளே இல்லை. அப்புறம் நகரமன்றத்துக்குள் போக விரும்பினால் வழிகாட்டியோடு மட்டுமே அனுமதி, அன்றைய நேரங்களை முன்னாலேயே பாருங்கள். அரண்மனைக் காவலர் மாற்றம் ஞாயிறுகளில் மதியம் 1.15-க்கு.

12. திரும்பும் நாள்

விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே ஊர் நடுவிலிருந்து கிளம்பிவிடுங்கள். ஞாயிறுகளில் புறநகர் ரயில் தடத்தில் பராமரிப்பு வேலை நடப்பது உண்டு, காலையிலேயே எஸ்எல் செயலியில் பார்த்துவிட்டால் வேறு வழி யோசிக்க நேரம் இருக்கும். ஷெங்கனை விட்டு வெளியேறுவதால் உள்ளே பாஸ்போர்ட் சோதனை தனியாக உண்டு. கடைகளில் நேரத்தைக் கழித்துவிட்டு கடைசியில் அங்கே போய் வரிசையில் நிற்க வேண்டாம்.

போர்டிங் பாஸ்கள் இரண்டையும், ஃபோனில் இருந்தால் அவற்றின் படத்தையும், தூக்கிப் போடாமல் விசா நகலோடு சேர்த்து ஒரு கோப்பில் வையுங்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லாத காலத்தில், அடுத்த விண்ணப்பத்தின்போது நீங்கள் சொன்ன நாளில் திரும்பினீர்கள் என்று காட்ட உங்கள் கையில் இருக்கும் சான்று அவைதான். நான் டிசம்பரில் அப்பா அம்மாவோடு மறுபடியும் போக அந்தக் கோப்பைத்தான் இப்போது எடுத்து வைத்திருக்கிறேன்.